ஒப்ரியாவுக்குப் பின்னிய ஸ்வெட்டர்

இத்தாலிக்குப் பொட்டலம் கொண்டுபோகும் வேன் வெள்ளிக்கிழமைதோறும் ரொட்டிக் கடை முன்னால் வந்து நிற்கும். அன்றைக்கு அது வந்து நின்றபோதே சவேதா கோபத்தில்தான் இருந்தாள். பனி மீது கோபம், கடைசி நேரத்தில் "பாப்பாவுக்குக் காலுறை வேணும்மா" என்று போன் பண்ணிய மகள் மீது கோபம், அந்த மகளை டூரின் நகரத்துக்கு இழுத்துக்கொண்டு போன மருமகன் மீது கோபம். வரிசையில் நின்ற யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சவேதா கோபமாக இல்லாவிட்டால்தான் இந்த ஊரில் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

அவள் மூட்டையில் பேத்திக்குக் காலுறை, மருமகனுக்கு மப்ளர், மகள் வேலை பார்க்கும் வீட்டுக் கிழவருக்குக்கூட ஒரு குல்லா இருந்தது. யாருக்கு என்ன விசேஷம் என்றாலும் சவேதா கையிலிருந்து கம்பளியில் ஏதாவது ஒன்று போகும். கல்யாணமா, ஞானஸ்நானமா, பிரசவமா, பட்டாளத்துக்குப் போகிறானா, பட்டாளத்திலிருந்து ஓடி வந்துவிட்டானா, எல்லாருக்கும் உண்டு. கூடவே திட்டும் போகும். "போன வருஷம் குடுத்ததைத் தொலைச்சுட்டல்ல? இந்தா, இதையும் தொலை!" என்று சொல்லித்தான் கையில் திணிப்பாள். அவள் கம்பளி குத்தும், அவள் வாய் அதைவிடக் குத்தும், ஆனால் இரண்டுமே நல்ல சூடு என்று அவள் புருஷன் ஒப்ரியா சொல்வார். அக்டோபர் கடைசியில் முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தவர் அந்த விறகின் மீதே சாய்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு அவள் வாயைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஊரில் ஆளில்லை.

வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றிருந்தவள் லின்கா. ஒப்ரியாவின் கூட்டாளி பெத்ராக்கேயின் பெண்டாட்டி. வழக்கமாக சவேதாவைப் பார்த்தால் "அக்கா, அக்கா" என்று ஒட்டிக்கொள்கிறவள், அன்று திரும்பியே பார்க்கவில்லை. வேன்காரன் அவளுடைய அட்டைப் பெட்டியைத் தூக்கியபோது, பனியில் ஊறிப்போயிருந்த அடிப்பக்கம் பொத்தென்று பிய்ந்தது. உள்ளே இருந்தது எல்லாம் தரையில் கொட்டியது. குழந்தைகளுக்கான குல்லாக்கள், குட்டிக் குட்டிக் கையுறைகள். எல்லாம் ஒரே நூலில் பின்னியவை.

சவேதா குனிந்து ஒரு குல்லாவை எடுத்தாள். உதவத்தான் குனிந்தாள். எடுத்தவள் நிமிரவில்லை.

அந்த நூல் எது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பழுப்பில் ஓர் இழை, சாம்பலில் ஓர் இழை, இரண்டையும் சேர்த்து முறுக்கியது. சாம்பல் அவள் வீட்டு ஆட்டின் சொந்த நிறம். பழுப்பு, வால்நட் காயின் பச்சைத் தோலைக் கொதிக்கவைத்து அவளே ஏற்றிய சாயம். அந்த நூலை அவள் ஒப்ரியாவின் ஸ்வெட்டருக்காக நூற்றாள், அதுவும் அவர் செத்த பிறகு.

செத்தவருக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று இந்த ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். செத்தவர் பெயரைச் சொல்லி உயிரோடிருக்கும் ஒருவருக்கு இங்கே கொடுத்தால், அது அங்கே அவருக்குப் போய்ச் சேரும். பொமானா என்பார்கள். சூப் கொடுத்தால் சூப் போகும், நாற்காலி கொடுத்தால் நாற்காலி போகும். துணிமணி விஷயத்தில் மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. வாங்கியவர் அதை உடுத்த வேண்டும், உடுத்தித் தேய்க்க வேண்டும். வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தால் செத்தவர் அங்கே பூட்டிய பெட்டியைப் பார்த்துக்கொண்டு குளிரில் நிற்க வேண்டியதுதான். அதனால்தான் செத்தவரின் உயரமும் தோளும் உள்ள ஆளாகப் பார்த்துக் கொடுப்பார்கள்.

ஊரில் தோள் உள்ள ஆண்கள் எல்லாரும் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் செங்கல் அடுக்குகிறார்கள். மிஞ்சியது பெத்ராக்கே ஒருவன்தான். ஒப்ரியாவைவிட இரண்டு வயது இளையவன், மரம் அறுக்கும் ஆலையில் அவரோடு காலமெல்லாம் மரத்தின் மறுமுனை பிடித்தவன். நாற்பதாம் நாள் படையலின்போது சவேதா அந்த ஸ்வெட்டரை, ஏற்றிய மெழுகுவத்தியோடும் ஒரு ரொட்டியோடும், அவன் கையில் கொடுத்தாள். தடித்த பின்னல், காது வரை வரும் கழுத்து, ஓரங்களில் குரோஷா ஊசியால் போட்ட இரட்டைக் கரை. "அண்ணனைக் கடவுள் மன்னிக்கட்டும்" என்று முறைப்படி சொல்லி வாங்கி, அங்கேயே போட்டுக்கொண்டான். பின்னாலிருந்து பார்த்தால் அப்படியே ஒப்ரியா. சவேதா சமையலறைக்குப் போய் காரணமே இல்லாமல் பாத்திரங்களை உருட்டிவிட்டு வந்தாள்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் அவன் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்து ஒப்ரியாவின் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. வந்தான். புளிப்பு சூப்பும் சோளமாவுக் களியும் வைத்துக் கொடுப்பாள். ஒரு கோப்பை பிளம் சாராயமும் உண்டு. அவன் சாப்பிடும்போது அவள் எதிரே உட்கார்ந்து கேட்பாள்.

"ஏன்யா சொல்லல?"

கேட்டது பெத்ராக்கேயிடம் அல்ல என்பது இருவருக்குமே தெரியும். ஒப்ரியாவுக்கு இதயத்தில் கோளாறு, மாதக்கணக்கில் வலி இருந்திருக்கும் என்று டாக்டர் எல்லாம் முடிந்த பிறகு சொன்னார். மாதக்கணக்கில்! ஒரே மேசை, ஒரே கட்டில், ஒரே போர்வை. முள் குத்தினால்கூட முனகுகிற மனிதர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. துக்கத்தையாவது அழுது தீர்க்கலாம். இந்தக் கேள்வியை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆகவே அந்த ஸ்வெட்டரைப் பார்த்துக் கேட்டாள். "ஏன்யா சொல்லல? நான் என்ன அந்நியமா? வழியில போறவளா? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?" ஸ்வெட்டருக்குள் இருந்தவன் தலையைக் குனிந்துகொண்டு சூப்பைக் குடித்துவிட்டுப் போவான்.

புத்தாண்டுக்குப் பிறகு அவன் வரவில்லை. ஒரு வாரம் ஜலதோஷம் என்றான். மறுவாரம் பல்வலி. அதற்கடுத்த வாரம் பனி அதிகம் என்று சொல்லி அனுப்பினான், நாலு வீடு தள்ளி இருந்துகொண்டு.

இப்போது அந்த ஸ்வெட்டரின் நூல் அவள் கையில் குல்லாவாக இருந்தது.

"லின்கா, இது என்ன?"

"குல்லாக்கா. பேரப் பசங்களுக்கு."

"குல்லான்னு எனக்குத் தெரியுது. கண்ணு அவிஞ்சு போகல. நூலு எது?"

"நூலு... நூலுதான். வீட்ல கெடந்துச்சு."

சவேதா குல்லாவை இரண்டு கையாலும் இழுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். புது நூல் நேராக உட்காரும். ஒரு தடவை பின்னிப் பிரித்த நூல் பழைய கண்ணிகளை மறக்காது, சுருண்டு சுருண்டு எழும்பி நிற்கும். இந்தக் குல்லா முழுக்க அந்தச் சுருட்டல்தான்.

"பிரிச்சியா?"

லின்கா குனிந்தாள். தரையில் கிடந்த கையுறைகளைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒப்ரியாவோட ஸ்வெட்டரைப் பிரிச்சியாடி?"

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ரொட்டிக் கடைக்காரி கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டாள். குளிர் உள்ளே வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

லின்காவும் வாயில்லாப் பூச்சி கிடையாது. நிமிர்ந்தாள். "ஆமா, பிரிச்சேன். குடுத்தா குடுத்ததுதானே அக்கா? மெழுகுவத்தி ஏத்திக் குடுத்தாச்சு, நாங்களும் கடவுள் மன்னிக்கட்டும்னு சொல்லி வாங்கியாச்சு. இனிமே அது எங்க வீட்டுப் பொருள். உடுத்துவோம், பிரிப்போம், பூனைக்குக்கூட விரிப்போம்."

"உன் புருஷனுக்கா குடுத்தேன்? என் புருஷனுக்குக் குடுத்தேன்! உன் புருஷன் வெறும் ஆணிடி! சட்டை மாட்டுற ஆணி! ஆணி சட்டையைப் பிரிக்குமா?"

"ஆணியா? என் புருஷன் ஆணியா?"

"துருப்பிடிச்ச ஆணி!" சவேதாவின் குரல் இப்போது தேவாலயத்து மணிக்கூண்டு வரை எட்டியிருக்கும். "ஜனவரி மாசக் குளிர்ல அவரு அங்க என்ன போட்டுக்கிட்டு நிக்கிறாரு, சொல்லு! அஞ்சு குல்லாவையா? ஒண்ணு மேல ஒண்ணாவா?"

"கையுறையும் இருக்கு, அதையும் சேத்துக்கங்க!"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். சவேதா திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே செத்தது.

"பெரியம்மா," என்று வேன்காரன் கெஞ்சினான், "நான் இருட்டறதுக்குள்ள எல்லையைத் தாண்டணும். அவங்க பொட்டலம் போகுதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"போகாது!" என்றாள் சவேதா. தன் மூட்டையை அவன் மார்பில் எறிந்தாள். "இது போகும்!" பிய்ந்த பெட்டியைக் குல்லாக்களோடு வாரி அணைத்துக்கொண்டு, கீழே விழுந்த ஒரு கையுறையை உதறி எடுத்து அதன் மேல் அடித்து வைத்துவிட்டு, பெத்ராக்கேயின் வீட்டை நோக்கி நடந்தாள். லின்கா "அக்கா, அவருகிட்ட போகாதீங்க, எதுவானாலும் எங்கிட்டப் பேசுங்க!" என்று வழுக்கி வழுக்கிப் பின்னால் ஓடிவந்தாள்.

பெத்ராக்கே அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கோடாரிக்குப் புதுப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தான். ஜலதோஷமும் இல்லை, பல்வலியும் இல்லை. பழைய, முழங்கை கிழிந்த ஜாக்கெட் ஒன்றைப் போட்டிருந்தான். கதவு திறந்த வேகத்தில் கையிலிருந்த கத்தி நழுவியது. சவேதா பெட்டியை அவன் முன்னால் கவிழ்த்தாள்.

"எழுந்திரு. உன் கூட்டாளிக்கு இதைப் போட்டு விடு. எந்தக் கையில எந்தக் குட்டிக் கையுறை மாட்டும்னு நீயே பாத்துச் சொல்லு."

அவன் எழுந்திருக்கவில்லை. குல்லாக்களைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், மறுபடி குல்லாக்களைப் பார்த்தான்.

"அவரை ஏன் கேக்கறீங்க?" லின்கா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். முக்காடு சரிந்து தலைமயிரெல்லாம் பனித்துளி. "நான்தான் பிரிச்சேன். ஏன் பிரிச்சேன்னு தெரியணுமா? சொல்றேன். அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்து போனாருன்னா அன்னிக்கு முழுக்க என்கிட்டப் பேச்சுக் கிடையாது. சோறு இறங்கறதில்ல. சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. அங்க உங்க புருஷனுக்கு சூடா இருக்குதோ என்னமோ, இங்க என் புருஷன் பொணம் மாதிரி வர்றாரு. எனக்கு இருக்கறது ஒரே ஒரு புருஷன் அக்கா. அவரையும் உங்க வீட்டு நாற்காலிக்குக் குடுத்துட்டு நான் என்ன பண்றது?"

பதில் வராதபோது சவேதா சும்மா இருப்பவள் இல்லை. ஒரு குல்லாவை எடுத்து லின்காவின் மூக்குக்கு நேரே ஆட்டினாள்.

"சரி, பிரிச்சதுதான் பிரிச்ச. அலசினியா? சுருட்டல் போகக் கனம் கட்டித் தொங்கவிட்டியா? பிரிச்ச நூலை அலசாம அப்படியேவா பின்னுவாங்க? அஞ்சு வயசுப் பொண்ணுகூடப் பண்ண மாட்டா! இது குல்லாவா, முட்டைக்கோஸா?"

"அவசரமா பின்னினேன்..."

"திருட்டு நூல், அவசரமாத்தான் பின்னணும்!"

"அவளைத் திட்டாதீங்க அண்ணி," என்றான் பெத்ராக்கே. "நான்தான் பிரிக்கச் சொன்னேன்."

லின்கா "சும்மா இருங்க" என்றாள். அவன் சும்மா இருக்கவில்லை.

"அவ வேண்டாம்னுதான் சொன்னா. செத்தவரு துணி, பாவம்னா. நான்தான் பிடிவாதமா நின்னேன். அவ பிரிக்கப் பிரிக்க நூலை வாங்கிச் சுத்தினதும் நான்தான்."

சவேதா அவனை உற்றுப் பார்த்தாள். லின்கா செய்தாள் என்றால் பொறாமை, புத்தியில்லை, பேரப்பிள்ளைகள் மீது ஆசை என்று ஏதோ ஒரு கணக்கில் சேர்க்கலாம். இவன் ஒப்ரியாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன்.

"ஏன்டா?" என்றாள். அவனை அவள் "டா" போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நான் என்ன தப்புப் பண்ணினேன் உனக்கு? சோறு போட்டேன், சாராயம் ஊத்தினேன். உப்புக் கம்மியா இருந்துச்சா?"

"ஒவ்வொரு ஞாயிறும் நீங்க கேக்கறீங்க அண்ணி. ஏன் சொல்லல, ஏன் சொல்லலன்னு."

"உன்னையா கேட்டேன்? அவரைக் கேட்டேன்."

"தெரியும். ஆனா பதிலு என்கிட்ட இருக்கே."

அடுப்பில் ஒரு கட்டை சரிந்து விழுந்தது. லின்கா மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். "என்ன பதிலு?" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

பெத்ராக்கே கோடாரிப் பிடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே பேசினான்.

"கோடையிலயே எனக்குத் தெரியும் அண்ணி. ஆலையில ஒருநாள் மரத்தைத் தூக்கும்போது அண்ணன் அப்படியே உக்காந்துட்டாரு. முகமெல்லாம் வேர்த்து, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு. டாக்டர்கிட்டப் போலாம்னேன். அண்ணிகிட்டச் சொல்லப் போறேன்னேன். நீ வாயைத் தொறந்தா செத்தாலும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னாரு. நானே அவகிட்டச் சொல்லிக்கறேன்னாரு."

"சொல்லல," என்றாள் சவேதா.

"சொல்லல. வாராவாரம் கேட்டேன். இன்னிக்கு அவ கோழி செத்துப்போன கோபத்துல இருக்கா, நாளைக்குச் சொல்றேம்பாரு. இன்னிக்கு மருமகனோட போன்ல சண்டை, அடுத்த வாரம்பாரு. அவ மனசு நல்லா இருக்கற நேரமாப் பாத்துச் சொல்லணும்டா, இல்லேன்னா கத்துவாம்பாரு." அவன் கோடாரிப் பிடியைத் திருப்பிப் போட்டான். "செப்டம்பர்ல ஒருநாள் சொல்லிடறதுன்னே முடிவு பண்ணிட்டாராம். நீங்க உங்க ஞானப்பிள்ளை கல்யாணத்துக்காகக் காலுறை பின்னறதுக்கு நூல் சுத்திக்கிட்டு இருந்தீங்களாம். அண்ணன் எதுத்தாப்புல உக்காந்து நூல் சிட்டத்தைக் கையில மாட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்தாராம்."

நினைவிருந்தது. சிவப்பு நூல். மணமகன் வீட்டாருக்கெல்லாம் காலுறை. நாள் குறைவு, ஆட்கள் அதிகம். ஒப்ரியா இரண்டு கையையும் முன்னால் நீட்டிச் சிட்டத்தைப் பிடித்திருந்தார், அவள் உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இடது கை தானா இறங்கிருச்சாம். தோள்லேருந்து விரல் வரைக்கும் வலியாம். இப்பச் சொல்லிடலாம்னு வாயைத் தொறந்தாராம். அதுக்குள்ள..."

"அதுக்குள்ள?"

"கையைத் தூக்குன்னு நீங்க கத்தினீங்களாம்."

கத்தினாள். 'கையைத் தூக்குய்யா, நூல் சிக்குது! நூல் பிடிக்கக்கூட லாயக்கில்லாத கை, வெட்டி அடுப்புல போடு!' என்று கத்தினாள். சொல்லுக்குச் சொல் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையைத் தூக்கினார். மேலும் இரண்டு சிட்டம் இருந்தது, அதையும் மாட்டிக்கொண்டார். கடைசி முழத்தையும் அவள் சுற்றி முடிக்கும்வரை அந்தக் கை இறங்கவே இல்லை. 'இப்ப மட்டும் எப்படி நிக்குது பாரு' என்று அவள் அதற்கும் ஒன்று சொல்லியிருந்தாள்.

சவேதா நின்ற இடத்திலேயே நின்றாள். லின்கா ஒரு நாற்காலியை அவளுக்குப் பின்னால் நகர்த்தினாள். அவள் அதை முழங்காலால் இடித்துத் தள்ளினாள்.

"கத்தினேன்," என்றாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். "ஆமா, கத்தினேன். கத்துவேன்னு அந்த மனுஷனுக்குத் தெரியாதா? கல்யாணத்தன்னிக்கே மேளக்காரன்கிட்டக் கத்தினேன், பாத்துக்கிட்டுத்தானே நின்னாரு? கத்திக்கிட்டே சமைச்சேன், கத்திக்கிட்டே புள்ளை பெத்தேன், அவரு காலு ஒடைஞ்சு கெடந்தப்போ கத்திக்கிட்டேதான் பீ மூத்திரம் அள்ளினேன். ஒருநாளாவது செய்யாம விட்டேனா? சொல்லியிருந்தா கத்தியிருப்பேன்! நிச்சயமா கத்தியிருப்பேன்! இந்த ஊரு, பக்கத்து ஊரு, எல்லாம் கேக்கற மாதிரி கத்தியிருப்பேன். கத்திக்கிட்டே காலரைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பேன். டாக்டர்கிட்டக் கத்தியிருப்பேன், நர்ஸ்கிட்டக் கத்தியிருப்பேன். இன்னிக்கு அந்த மனுஷன் உயிரோட உக்காந்து காதைப் பொத்திக்கிட்டு இருந்திருப்பாரு! என் சத்தத்துக்குப் பயந்தாராம்! சாவுக்குப் பயப்படல, என் சத்தத்துக்குப் பயந்தாராம்!"

மூச்சு வாங்கியது. ஆனால் அவள் முடிக்கவில்லை. விரலைப் பெத்ராக்கேயின் நெற்றிக்கு நேரே நீட்டினாள்.

"அவருதான் முட்டாளு. நீ? உனக்கும் என் சத்தம்தான் பெருசாப் போச்சா? வாசல்ல நின்னு 'அண்ணி, அண்ணனுக்கு நெஞ்சு வலி'ன்னு ஒரு வரி சொல்லிட்டு ஓடியிருந்தா நான் என்ன துரத்தி வந்து கடிச்சா இருப்பேன்?"

"வாக்குக் குடுத்திருந்தேன் அண்ணி..."

"வாக்கு!" என்று கத்தியது சவேதா இல்லை, லின்கா.

அவள் முகம் சிவந்து போயிருந்தது. "கோடையிலேருந்து உனக்குத் தெரியும். என் பக்கத்துல படுத்துக்கிட்டு, தெரிஞ்சுக்கிட்டே இருந்திருக்க. சாவு வீட்ல நான் அக்காவைக் கட்டிக்கிட்டு அழறேன், நீ மரம் மாதிரி நிக்கற. கேட்டா சட்டை குத்துது, உடம்பு அரிக்குது, பிரிச்சுடுன்ன. என்னையும் உன் திருட்டுல கூட்டுச் சேத்துக்கிட்டியேய்யா! நான் வேற ரோட்ல நின்னு உனக்காக வக்காலத்து வாங்கிட்டு வந்தேன்!" குனிந்து ஒரு கையுறையை எடுத்து அவன் மேல் எறிந்தாள். அது போதாமல் இன்னொன்றையும் எறிந்தாள். "வேற என்ன மறைச்சு வெச்சிருக்க? உனக்கு எங்க வலிக்குது? இப்பவே சொல்லு! இங்கேயே சொல்லு!"

"எனக்கு ஒண்ணும் இல்லடி..."

"அவரும் அதைத்தானே சொன்னாரு!"

இரண்டு பெண்களுக்கும் நடுவில் பெத்ராக்கே கோடாரிப் பிடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழுதான் போலிருந்தது. யாரும் அவனைத் தேற்றவில்லை.

சவேதா குனிந்து குல்லாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஒன்றின் உச்சி முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துப் பார்த்தாள், பிறகு வேண்டாம் என்று விட்டாள். எல்லாவற்றையும் லின்காவின் கையில் திணித்தாள்.

"குடுத்தது குடுத்ததுதான். நீ சொன்னது சரி. திருப்பி வாங்கினா அவருக்குத்தான் கேடு. ஆனா இந்த லட்சணத்துல குழந்தைங்க தலையில மாட்டாதே. எல்லாத்தையும் பிரி. வெந்நீர்ல அலசு. கனம் கட்டித் தொங்கவிடு. காஞ்சப்புறம் ஒழுங்காப் பின்னி, அடுத்த வேன்ல அனுப்பு."

"சரிக்கா."

"நாளைக்கு நூல் ராட்டினத்தை எடுக்கறேன். வேற ஸ்வெட்டர் பின்னப் போறேன்." பெத்ராக்கேயைப் பார்த்தாள். "நீதான் போடுவ. தவக்கால நோன்பு தொடங்கறதுக்குள்ள முடிச்சுடுவேன். போட்டுக்கிட்டு வந்து அந்த நாற்காலியில உக்காருவ."

"அண்ணி, எனக்கு அந்த யோக்கியதை..."

"உன் யோக்கியதையை யார் கேட்டா? தோளு இருக்கு, போதும். அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமைல இந்தக் கிழிஞ்ச ஜாக்கெட்டோட வா. அது அவருக்காக இல்ல, உனக்காக. உன்கிட்ட நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"வருவாரு," என்றாள் லின்கா. "நானே இழுத்துட்டு வரேன்."

வெளியே வந்தபோது வேன் போய்விட்டிருந்தது. ரொட்டிக் கடை வாசலில் நின்றவர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். சவேதா அவர்களைப் பார்க்காமல் தெருவின் நடுவில் நடந்தாள். "ஒப்ரியா!" என்று கூப்பிட்டாள். புருஷனைப் பெயர் சொல்லித் தெருவில் கூப்பிடுவது அவளுக்குப் புதிதில்லை, சாராயக் கடையிலிருந்து எத்தனையோ தடவை இப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள். "ஒப்ரியா, கேக்குதா? நல்லாக் கேட்டுக்க! வாயைத் தொறந்தவன் சொல்லி முடிக்க வேண்டியதுதானே? நான் கத்தினா நீயும் கத்த வேண்டியதுதானே? கையை இறக்கிட்டு, போடி, முடியலடின்னு ஒரு தடவை சொன்னா உன் தலையில இருக்கற கிரீடமா கீழ விழுந்துடும்? மடையா! மடையா!"

ஜன்னல்கள் திறந்தன. சவேதா கத்துகிறாள் என்று தெரிந்ததும் சில ஜன்னல்கள் மூடிக்கொண்டன. ஆனாலும் அவள் வீட்டு வாசல் வரை நிறுத்தாமல் கத்திக்கொண்டே போனாள். நிறுத்தினால் அந்த இடது கை கண் முன்னால் வந்தது, சிவப்பு நூலோடு, இறங்காமல்.